கோர்ட்டுக்குப் போகாத வக்கீல்

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் பத்தாவது வரை படித்தவன். எந்த வண்டியில் எவ்வளவு ஐஸ் ஏறியது என்று குறித்ததைத் தவிர வேறு எதையும் எழுதிப் பழக்கமில்லை. நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் எழுந்து ஒரு வார்த்தை பேசச் சொன்னால் இன்றைக்கும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவன் ஒரு வக்கீலைப் பற்றி எழுத உட்கார்வது அதிகப்பிரசங்கித்தனம்தான். வக்கீல்களைப் பற்றி எழுதுகிறவர்கள் அவர்கள் ஜெயித்த வழக்குகளை எழுதுகிறார்கள். எனக்குத் தெரிந்த வக்கீல் ஒரு வழக்கு நடத்தியும் நான் பார்த்ததில்லை. அவருடைய கறுப்புக் கோட்டு ஆபீஸ் ஆணியில் பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கும். அதை எடுத்து மாட்டியதையும் பார்த்ததில்லை. வேறு யாரும் அவரைப் பற்றி எழுதப் போவதில்லை என்று தோன்றியதால் நான் எழுதுகிறேன்.

கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், துறைமுகத்துக்குப் போகும் ரோட்டில் எங்களுக்கு ஒரு ஐஸ் கம்பெனி இருந்தது. என் அக்காவின் வீட்டுக்காரரும் நானும் கூட்டாக நடத்தினோம். பெயருக்குத்தான் கூட்டு. மீன்பிடி போட்டுக்காரர்களிடம் பேசுவது, மெக்கானிக்கிடம் சண்டை போடுவது, கரண்ட் ஆபீஸுக்கு நடப்பது எல்லாம் மாமா. நான் உள்ளே கம்ப்ரசர் பக்கம் இருப்பேன். அந்தச் சத்தத்தில் யாரும் பேச வரமாட்டார்கள் என்பதே எனக்குப் பெரிய நிம்மதி. போர்டில் மாமா பெயரின் முதல் பாதியையும் என் பெயரின் முதல் பாதியையும் சேர்த்து ஒரு பெயர் இருக்கும். அப்படி வைத்ததும் அவர்தான்.

சுனாமி வந்தபோது கம்பெனிக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. தேவனாம்பட்டினத்தில் எங்களுக்கு ஐஸ் எடுத்தவர்கள் பலர் வீட்டில் துக்கம். கடலுக்குப் போக யாருக்கும் மனசு இல்லை. மாமா மோட்டாரைக் கழற்றி வெயிலில் காயவைத்தார். “அவுங்க திரும்பக் கடலுக்குப் போற அன்னிக்கி ஐஸ் இருக்கணும் தம்பி” என்று மட்டும் சொன்னார். இருந்தது.

அதற்குச் சில வருஷங்கள் கழித்து, துறைமுகத்தில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. வீட்டில் குளிப்பாட்டும்போது அரைஞாண் கயிற்றை அறுத்தார்கள். அதில் கம்பெனிச் சாவி கோத்திருந்தது. பெரியவர் ஒருவர் அதை எடுத்து, “நீ வச்சுக்கப்பா” என்று என் கையில் வைத்தார். அன்றைக்கே அதை என் அரைஞாணில் முடிந்துகொண்டேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கம்ப்ரசரைப் போட்டேன்.

அதன் பிறகு எந்தக் காகிதத்திலும் எதையும் மாற்றவில்லை. எங்கள் பக்கத்தில் அப்படித்தான். தாத்தா பெயரில் இருக்கிற கரண்ட் கனெக்‌ஷன் பேரன் காலத்திலும் தாத்தா பெயரிலேயே ஓடும். மாற்றப் போனால் ‘இறந்துவிட்டார்’ என்று கைப்பட எழுத வேண்டும். அதை எழுத யாருக்குக் கை வரும்? அக்காவிடம் போய் மாமா பெயரை எடுக்கலாமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளும் கேட்கவில்லை. மாதம் பிறந்தால் அவள் பங்கை வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு மீன் குழம்பு வரும். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

கம்பெனி நின்ற மனை புதுச்சேரிக்காரர் ஒருவருடையது. நாங்கள் குத்தகைக்கு எடுத்திருந்தோம். குத்தகை முடிகிற வருஷம், மீன்பிடித் தடைக்காலத்தில், நிலத்துக்காரரின் மகன் வந்தார். தடைக்காலத்தில் போட்டுகள் கரையில் நிற்கும், எங்கள் கம்ப்ரசரும் நிற்கும். அன்று அந்த நிசப்தத்தில் அவர் பேசியது சுவரில் பட்டுத் திரும்பியது.

“அப்பா உங்க மாமா மொகத்தப் பாத்துக் குடுத்தாரு. இப்ப உங்க மாமா இல்ல. நான் யாரோட அக்ரிமெண்டு போடறது? இந்தக் கம்பெனி யாருதுன்னு ஒரு பேப்பர் காட்டுங்க. போட்டு கடலுக்குப் போறதுக்குள்ள காட்டினா தொடர்ந்து தர்றேன். இல்லன்னா வேற ஆளு கேக்கறாங்க.”

தலையாட்டினேன். வேறு என்ன செய்வது? ஐஸ் கம்பெனியை மளிகைக் கடை மாதிரி வேறு இடத்துக்கு மாற்ற முடியாது. ஐஸ் உறைகிற உப்புத் தண்ணீர்த் தொட்டியே பாதி தரைக்குள் இருக்கிறது. இடம் போனால் கம்பெனி போச்சு. அக்கா வீட்டு அடுப்பும் என் வீட்டு அடுப்பும் அதில்தான் எரிந்தன.

பிச்சாவரம் பக்கம் இறால் பண்ணை வைத்திருந்த ஒருவர்தான் சிதம்பரம் வக்கீலைச் சொன்னார். “வியாபார சமாச்சாரம் மட்டும்தான் பாப்பாரு. கோர்ட்டுக்குப் போவ மாட்டாரு. ஆனா அவரு எழுதிக் குடுத்தா கோர்ட்டுக்குப் போவ வேண்டி வராது.”

இதை என் மனைவியின் அண்ணனிடம் சொன்னேன். அவர் லோடு ஆட்டோ வைத்து எங்கள் ஐஸை ஏற்றிப் போகிறவர். நான் அவரை மச்சான் என்பேன்.

“கோர்ட்டுக்கே போவாத வக்கீலா மாப்ள?” என்றார் அவர். “கடலுக்குப் போவாத போட்டு மாதிரியில்ல இருக்கு. வருஷா வருஷம் பெயிண்ட் அடிச்சுக்கினு கரையில நிக்க வேண்டியதுதான்.”

சிதம்பரத்தில் தெற்கு வீதியை ஒட்டிய ஒரு சந்தில், ரெடிமேட் துணிக்கடைக்கு மேல் மாடியில் அவர் ஆபீஸ். போர்டில் பெயரும் படிப்பும் மட்டும் இருந்தன. எந்த மாதிரி வழக்கு பார்ப்பார் என்று வக்கீல்கள் போர்டில் போட்டுக்கொள்ளக் கூடாதாம். அதனால் எல்லாரும் எல்லாவற்றுக்கும் மாடி ஏறி வந்துவிடுவார்கள். எனக்கு முன்னால் வந்த ஒரு அம்மா, வேலித் தகராறில் மண்டை உடைந்த மகனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். வக்கீல் எழுந்து வாசல் வரை வந்து, “இது என் வேலை இல்லம்மா. எனக்கு இது தெரியாது” என்று சொல்லி, யாரிடம் போக வேண்டும் என்று வழியும் சொல்லி அனுப்பினார். எனக்குத் தெரியாது என்று ஒரு வக்கீல் சொல்லி அன்றுதான் கேட்டேன். பயமாக இருந்தது. இவருக்கு வேறு என்னென்ன தெரியாதோ?

உள்ளே நெல்லிக்குப்பத்துக்காரர்கள் சிலர் இருந்தார்கள். மில்லுக்குக் கரும்பு ஏற்றுகிற டிராக்டர் சொந்தக்காரர்கள். ஒப்பந்தத்தை வரி வரியாக அவர் படித்துக் காட்டினார்.

“நடு ரோட்டுல டயர் வெடிச்சா யாரு பொறுப்பு?”

“அது நாங்க பேசித் தீத்துப்போம் சார்.”

“இப்பவே பேசித் தீத்துடுங்க. வெடிச்சப்புறம் ரோட்டுல நின்னு பேசினா சண்டையாத்தான் வரும்.”

அவர்கள் அங்கேயே சண்டை போட ஆரம்பித்தார்கள். அவர் பேனாவை மூடிவிட்டுப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது வயது மதிக்கலாம். தாழ்ந்த குரல். பேசும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டார், மேஜையில் நம் கையைத்தான் பார்ப்பார்.

என் முறை வந்தது. உளறிக்கொட்டிச் சொல்லி முடித்தேன்.

“உங்க மாமா தவறினப்போ கம்பெனி என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆவல சார். காரியம் முடிஞ்சதும் மிஷினப் போட்டுட்டோம்.”

“மிஷினக் கேக்கல. ரெண்டே பேர் இருக்கிற கூட்டு அது. ஒருத்தர் தவறினா அன்னிக்கே கலைஞ்சிடும். நீங்க இப்ப நடத்தறது, சட்டத்தோட கண்ணுல, இல்லாத கம்பெனி.”

தினமும் ஐஸ் உடைத்துப் போட்டிருக்கிறோம். அது எப்படி இல்லாத கம்பெனி?

“பயப்படாதீங்க. உங்க அக்காவப் பார்ட்னரா வச்சுப் புதுசா ஒரு பத்திரம் எழுதிடலாம். உங்களுக்கு சம்மதமா?”

“அவுங்களுக்கு இல்லாம யாருக்கு சார்?”

“சரி. ஆனா ஒண்ணு. நீங்க வந்து கேட்டதால நான் உங்க வக்கீல். அவுங்களுக்குத் தனியா ஒரு வக்கீலப் பாக்கச் சொல்லுங்க. நான் எழுதறத அவரு படிச்சு, அவுங்களுக்கு எடுத்துச் சொல்லட்டும்.”

சரி சார் என்று எழுந்து வந்துவிட்டேன். பஸ் புதுச்சத்திரம் தாண்டும்போதுதான் எதற்குத் தலையாட்டினேன் என்பது உறைத்தது. எங்கள் ஊரில் அக்காவும் தம்பியும் ஆளுக்கு ஒரு வக்கீல் வைத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

மறுநாள் அக்கா வீட்டுக்குப் போனேன். மொட்டை மாடியில் மோர் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் படியேறும்போதே போய்விட்டன.

“கம்பெனி கலைஞ்சு போச்சாம்க்கா.”

“யாரு கலைச்சது?”

“யாரும் கலைக்கல. மாமா போனதால அதுவே கலைஞ்சுதாம். புதுசா எழுதணும். உன்னையும் சேத்து.”

“என்னையும் சேத்தா? நான் எப்படா வெளியில போனேன், இப்ப சேக்கறதுக்கு?”

கையோடு மிச்சத்தையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். “நீ தனியா ஒரு வக்கீல் வச்சுக்கணுமாம்.”

மிளகாயைப் பரப்பிய கை நின்றது.

“யாரு சொன்னா?”

“என் வக்கீலு.”

“உன் வக்கீலு.” இரண்டாவது தடவையும் அதையே சொன்னாள். பிறகு, “கீழ போ. வெயிலு ஜாஸ்தியா இருக்கு” என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குழம்பு வரவில்லை. நான் போன் செய்தால் எடுக்கவில்லை. கம்பெனிக்குப் போய்த் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். சுவரில் மாட்டியிருந்த மாமா படத்துக்கு நேரே உட்காரப் பிடிக்காமல் நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். கரையில் போட்டுகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் வாசனை வந்துகொண்டே இருந்தது. பெயிண்ட் காய்ந்தால் தடைக்காலம் முடிந்துவிடும்.

மச்சான் வந்தார். “அக்காவ வக்கீல் வைக்கச் சொன்னியாமே. ஓ.டி. முழுக்க இதே பேச்சு. பங்குல ஏதோ கள்ளத்தனம் பண்ணிட்டியாம்.”

“நான் ஒண்ணும் பண்ணல மச்சான்.”

“தெரியும் மாப்ள. அதுக்கெல்லாம் ஒனக்குத் தைரியம் ஏது? ஆனா வக்கீலு சொன்னத அப்படியேவா போயி ஒப்பிப்பாங்க? கொஞ்சம் மாத்திச் சொல்றதில்ல?” போகத் திரும்பியவர் நின்று அடுத்ததைச் சொன்னார். “ஒங்க அக்கா மஞ்சக்குப்பத்துல ஒரு லேடி வக்கீலப் பாத்துட்டு வந்திருக்கு. குடும்ப கேஸுல பெரிய ஆளாம். எத்தினியோ புருஷனுங்களக் கதற வச்சவங்க. தம்பிங்கள என்னா பண்ணுவாங்களோ, தெரியல.”

மாமா போன துக்கத்தில்கூட நாங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தையும் கடிந்து பேசியதில்லை. இப்போது ஒரு காகிதத்துக்காக அக்காவை இழந்துவிடுவேன் என்று தோன்றியது. காகிதம் வேண்டாம் என்று விட்டால் இடம் போய்விடும். இரண்டில் எது பெரிது என்று கேட்டால் அக்காதான். ஆனால் இடம் போனாலும் அக்காதானே சாப்பிடாமல் இருப்பாள்?

மறுபடி சிதம்பரம் போனேன். இந்தத் தடவை உளறவில்லை. “சார், எங்க அக்கா என்கூடப் பேசறதில்ல” என்று மட்டும் சொன்னேன்.

நடந்ததைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. மேஜை மேல் இருந்த பேப்பர் வெயிட்டைத் தள்ளித் தள்ளி வைத்தார். பிறகு அவர் கதையைச் சொன்னார். கட்சிக்காரனிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்கு ஏன் தோன்றியதோ.

அவரும் சிதம்பரத்துக்காரர்தான். சென்னையில் சட்டம் படித்திருக்கிறார். ஆரம்பத்தில் கோர்ட்டுக்கும் போயிருக்கிறார். ஜட்ஜ் முன்னால் நின்றால் கை நடுங்குமாம், கையில் இருக்கிற காகிதம் ஆடுவது எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் தெரியுமாம். பேசாமல் எழுதுகிற வேலையாகப் பார்த்துப் போய்விட்டார். கம்பெனிகளுக்கு எழுதிக் கொடுக்கிற பெரிய ஆபீஸ் ஒன்றில் பல வருஷம் இருந்தார். கப்பலை வாடகைக்கு எடுக்கிற ஒப்பந்தம், இரண்டு கம்பெனியை ஒன்றாக்குகிற பத்திரம், வெளிநாட்டு மிஷின் வாங்குகிற ஒப்பந்தம் எல்லாம் எழுதியிருக்கிறார். மனைவிக்குச் சிதம்பரத்தில் வாத்தியார் வேலை கிடைத்ததும் ஊர் திரும்பினார். கப்பலுக்குப் பதில் இங்கே டிராக்டரும் இறால் பண்ணையும், ஊறுகாய்க்குப் பெயர் பதிய வருகிறவர்களும்.

“அங்க, எதிர்ல இருக்கறவரப் பாத்து உங்களுக்கு வக்கீல் வச்சுக்குங்கன்னு சொன்னா அது மரியாதை. உங்கள ஏமாத்த மாட்டேன்னு அர்த்தம். இங்க அதக் கேட்டா சண்டைக்கு இழுக்கற மாதிரி இருக்கும்னு எனக்கு உறைக்கவே இல்ல. நானும் இந்த ஊர்க்காரன்தான். அவுங்ககிட்ட எப்படிச் சொல்லணும்னு உங்களுக்குச் சொல்லி அனுப்பியிருக்கணும்.”

“அப்ப வக்கீல் வேணாம்னு சொல்லிடட்டுமா சார்?”

“வேணாம்னு சொல்ல மாட்டேன். அவுங்க புரியாம கையெழுத்துப் போட்டா, நாளைக்கு ஊர் உங்களத்தான் சொல்லும். அந்த மஞ்சக்குப்பம் மேடம் நம்பரக் குடுங்க. நானே பேசறேன்.”

அவர் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. தடைக்காலம் முடிய இன்னும் கொஞ்ச நாளே இருந்தபோது, எல்லாரும் சிதம்பரத்தில் உட்காரலாம் என்று ஏற்பாடானது.

அக்காவும் அவளுடைய வக்கீலம்மாவும் எனக்கு முன்பே வந்திருந்தார்கள். புருஷர்களைக் கதறவைத்தவர் என்று கேள்விப்பட்டதற்கு அந்த அம்மா ஒல்லியாக, கண்ணாடி போட்டு, கையில் நன்னாரி சர்பத்தோடு உட்கார்ந்திருந்தார். குரல் மட்டும் மாடி முழுக்கக் கேட்டது. “நீங்கதான் தம்பியா? உக்காருங்க. ஏன் நின்னுக்கிட்டே இருக்கீங்க?” அக்கா என்னைப் பார்க்கவில்லை. மாமா போன பிறகு அவள் கட்டிய புடவைகள் எல்லாம் எனக்குத் தெரியும், அன்று கட்டியிருந்தது புதுசு.

வக்கீல் தமிழில் எழுதியிருந்ததை வரி வரியாகப் படித்தார். கம்பெனிப் பெயர் என்ற இடம் வந்ததும் நிறுத்தினார். இத்தனை வருஷமாக நானும் அக்காவும் பேசப் பயந்த இடம் அதுதான்.

“பழைய பேரையே வச்சுக்கலாம். சட்டத்துல தடை ஒண்ணும் இல்ல. போர்டும் அப்படியே இருக்கட்டும்” என்றார்.

அவ்வளவுதான். அக்கா முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். வக்கீலம்மா சர்பத்தைக் கீழே வைத்தார்.

லாபத்தில் ஆளுக்குப் பாதி. அதற்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. அடுத்த வரி: நிர்வாகம் முழுவதும் நான் பார்ப்பது, அக்கா வீட்டிலிருந்தபடி பங்கைப் பெற்றுக்கொள்வது. அதை நான்தான் சொல்லி எழுதச் சொன்னேன். அக்காவுக்கு அலைச்சல் வேண்டாம் என்று.

வக்கீல் தலை நிமிர்ந்து அக்காவின் கையைப் பார்த்தார். “இது உங்க தம்பி சொன்னது. உங்களுக்கு என்ன வேணும்மா?”

அக்கா தன் வக்கீலம்மாவைப் பார்த்தாள். “சொல்லுங்க, அதுக்குத்தானே வந்திருக்கோம்” என்றார் அவர்.

“எனக்குச் சாவி வேணும்.”

யாருக்கும் புரியவில்லை. எனக்கும்தான்.

“எங்க வீட்டுக்காரரக் குளிப்பாட்டறப்ப இடுப்புலேருந்து சாவிய எடுத்து இவன் கையில குடுத்தாங்க. நான் அங்கதான் உக்காந்திருந்தேன். இவன் ஒண்ணும் கேட்டு வாங்கல, அது எனக்குத் தெரியும். ஆனா அன்னிலேருந்து நான் அங்க போவணும்னா இவன் வந்து தெறக்கணும். மெக்கானிக் என்னா சொல்றான், எந்தப் போட்டுக்கு எவ்ளோ ஐஸ், எல்லாம் அவரு வீட்டுல வந்து சொல்லுவாரு. எனக்கு எல்லாம் தெரியும். வீட்டுல உக்காந்து பங்கு வாங்கறதுக்கு நான் என்னா, வாடகைக்கா வுட்டிருக்கேன்?”

“ஏன்க்கா, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“நீ கேட்டியாடா?”

“இல்ல.”

“அதான்.”

வக்கீல் அந்த வரியை ஒரே கோடாக அடித்துவிட்டு மேலே எழுதினார். எழுதும்போதே கேட்டார். “சாவின்னா உள்ள வந்து போறதுக்கா, நிர்வாகத்துக்கா?”

“ரெண்டுத்துக்கும்.”

“ரெண்டு பேரும் சேர்ந்து நிர்வாகம் பண்றது. ஆளுக்கு ஒரு சாவி. சரியா?”

நான் எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி, சட்டையைத் தூக்கி அரைஞாணில் இருந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். வியர்வையில் இறுகிப்போயிருந்தது. வக்கீலம்மா கைப்பையிலிருந்து ஒரு சின்னக் கத்தரியை எடுத்து நீட்டினார். சாவியை மேஜை மேல் வைத்தேன். எனக்கு வேறு ஒன்று அடித்துக்கொள்ளலாம்.

“கையெழுத்து ஆகட்டும். அப்புறம் குடுங்க” என்றார் வக்கீல். சாவியைத் தன் பேப்பர் வெயிட்டுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

பத்திரத்தைத் திருத்தி டைப் செய்து கையெழுத்துப் போட மூன்று மணியாகிவிட்டது. போட்டதும் சாவியை அவரே எடுத்து அக்காவிடம் கொடுத்தார். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

திரும்பும்போது ஒரே பஸ். ஜன்னல் பக்கம் அவள் உட்கார்ந்தாள். ஆலப்பாக்கம் வந்ததும் கேட்டாள்.

“அந்த வக்கீலு கோர்ட்டுக்கே போவ மாட்டாராமே?”

“ஆமாம்க்கா. கை நடுங்குமாம்.”

“ஒனக்கு ஏத்த ஆளாத்தான் பாத்துப் புடிச்சிருக்க” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரித்தாளா என்று தெரியவில்லை. நிலத்துக்காரர் மகன் என்ன சொல்வாரோ என்ற கவலை எனக்கு அப்படியே இருந்தது.

மறுநாள் காலையில் அக்கா வந்து கம்பெனியைத் திறந்தாள். பதினோரு மணிக்கு நிலத்துக்காரர் மகன் வந்தார், பத்திரத்தைப் படித்தார், குத்தகையைத் தொடரலாம் என்றார். மத்தியானம் மெக்கானிக் வந்து உப்புத் தண்ணீர்த் தொட்டியில் கசிவு இருப்பதாக அக்காவிடம் சொன்னார்.